தவறு செய்தவனைத் தாங்கலாமா?



கஞ்சாவில் சிக்கிய பிள்ளையைப் பார்த்து, "தானாத் தேடிக்கிட்டது, படட்டும்" என்று நம்ம படாளம் பக்கமும் சொல்றாங்க. சரியா?

கஞ்சாவைப் பலர் புகையிலையோடு கலந்தே இழுக்கிறார்கள், அடிமைத்தனம் இரண்டாகிறது. சிலருக்குக் காரணமில்லாத சந்தேகம் வரும், காதில் குரல் கேட்கும். நிறுத்தினாலோ தூக்கமின்மை, எரிச்சல், பதற்றம். இதைத் திமிர் என்று அடிப்பது முறையா?

முதல் இழுப்பு அவன் தவறுதான். அதற்காக நோயில் கைவிடலாமா? திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரியாரை முருகன் தாங்கினான் என்பார்கள். பழைய கணக்கு கேட்டுவிட்டுத் தாங்கவில்லை.

விரதம் மனசுக்குப் பலம்தான். அதுக்காக மருந்தை நிறுத்தச் சொல்லாதீங்க. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. 14416-க்கு இலவசமாகப் பேசலாம். கூடவே போங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!