பன்னிரண்டு பேர்

கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையோடு அண்மையில் ஓர் இரவு முழுவதும் மல்லுக்கு நின்றேன்.

என் நாவலில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தர ஒரு சிறு புரோகிராம் எழுதி, நண்பரின் மகன் எனக்கு அனுப்பியிருந்தான். வந்தது மூலநிரல். அதை என் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி நானே தொகுத்துக்கொள்ள வேண்டும். எதிலிருந்து எதை எப்படிச் செய்வது என்று சொல்லும் 'மேக்ஃபைல்' என்ற குறிப்பைக் கடிதத்திலேயே எழுதியிருந்தான். அதைப் பிரதி செய்து, 'மேக்' என்று கட்டளையிட்டேன். இரண்டாவது வரியில் பிரிப்பான் இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

வரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். குறை ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரைச் சந்தேகித்தேன், பையனையும் சந்தேகித்தேன். விடியும் வேளையில்தான் விஷயம் விளங்கிற்று. கட்டளை வரிகள் 'டாப்' விசையால் விட்ட இடைவெளியில் தொடங்க வேண்டும் என்பது மேக்கின் சட்டம். டைப்ரைட்டரில் இருந்ததே, அதே டாப்தான். நான் பிரதி செய்தபோது அந்த இடத்தில் சாதாரண வெற்றிடங்கள் நான்கு வந்து உட்கார்ந்துவிட்டன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. எட்டு வெற்றிடங்கள் இருந்திருந்தால், "டாப் போட எண்ணினீரோ?" என்று கேட்டிருக்குமாம். தெரிந்துகொண்டு கேட்கிறதே தவிர, திருத்திக்கொள்ளாது!

இப்படி ஒரு சட்டத்தை எவன் போட்டான் என்று ஆத்திரத்தோடு தேடினேன். போட்டவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்கை உருவாக்கியவர். அவருடைய சகா ஸ்டீவ் ஜான்சன், பிழையைத் திருத்திய பிறகும் அந்தக் கோப்பை மறுபடி தொகுக்க மறந்து, சரியாக இருந்த புரோகிராமிலேயே ஒரு காலைப் பொழுது முழுவதும் பிழை தேடியிருக்கிறார். அந்த வீண் வேலை இனி யாருக்கும் நேரக்கூடாது என்றுதான் மேக் பிறந்தது. ஒரு காலையை மீட்கப் பிறந்த கருவி என் இரவைத் தின்றது!

டாப் விவகாரம் அவசரத்தில் செய்த சுலபமான ஏற்பாடு. சில வாரங்களுக்குள் அது சரியில்லை என்று அவருக்கே பட்டது. மாற்றியிருக்கலாம். ஆனால் அதற்குள் சுமார் பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்குத் தொல்லை கொடுக்க மனம் வராமல் விட்டுவிட்டார். இதை அவரே பின்னாளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்ததும் என் ஆத்திரம் திசை தெரியாமல் நின்றது. அவர் செய்தது தாட்சண்யம். எதிரே நிற்கும் பன்னிரண்டு பேருக்கு முகம் இருக்கிறது. வரப்போகிற லட்சம் பேருக்கு முகம் ஏது? வந்த விருந்தாளிகளின் முகம் கோணக்கூடாதென்று, பிறக்காத பேரனின் பங்கைக் கடனில் வைக்கிற குடும்பஸ்தர்களை நாம் பார்த்ததில்லையா? அவர்களை நல்லவர்கள் என்றுதான் ஊர் சொல்கிறது.

இன்னொன்றும் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். தம் கருவி காலத்துக்கும் நிற்கும் என்று இறுமாந்திருக்கக்கூடிய மனிதராக இருந்தால், நண்பர்களைச் சிறிது சிரமப்படுத்தியாவது அதைத் திருத்தியிருப்பார். 'இது எத்தனை நாளைக்கு!' என்று அடக்கமாக நினைத்ததால்தான் விட்டிருப்பார். அடக்கத்தாலும் கேடு விளையும் என்று ஒப்புக்கொள்ள எனக்கே கசப்பாக இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்களோ, பன்னிரண்டு பேருக்காகவே அவர் தயங்கினார், பல்லாயிரம் பேருக்காக நாம் தயங்கக்கூடாதா என்றுதானே நினைத்திருப்பார்கள்? வருஷம் ஏற ஏற அந்த நியாயம் பலத்துக்கொண்டே போயிற்று.

மறுநாள் பையனிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். அவன் சிரித்தான்.

"2010-இல் வந்த குனூ மேக்கிலிருந்து, டாப்புக்குப் பதிலாக வேறு எந்தக் குறியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், மாமா."

"பிறகு நீ ஏன் வைக்கவில்லை?"

"இதை இன்னும் நாலைந்து பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்களெல்லாம் டாப்புக்குப் பழகியவர்கள்."