கலாசாலைத் தோழரும் கணக்குப் புத்தகமும்

வியாபாரிகளாகிய நாம் ஆண்டு தவறாமல் பேரேட்டை மூடி ஐந்தொகை எடுக்கின்றோம். வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று சல்லிக் காசு பிசகாமல் பார்க்கின்றோம். ஆனால் 20 வயதில் நம்மோடு ஒரே விடுதியில் உண்டு உறங்கிய தோழருக்கு நாம் கொடுக்க வேண்டியது ஏதேனும் பாக்கி இருக்கிறதா என்று 50 வயதில் எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு கடன் உண்டா, இல்லையா என்பதே நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

நம்மவர் கல்வி கற்ற கலாசாலைகள் பெரும்பாலும் வணிகர் பொருளால் எழுந்தவை. தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாகிப் பெயரைத் தாங்கிய திருச்சிக் கல்லூரியும், சென்னை நியூ காலேஜும் 1951-ல் தொடங்கின. அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955-லும், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-லும் பிறந்தன. இத்தகைய கலாசாலைகளின் விடுதிப் பந்தியில் முதலாளி மகனும் கூலிக்காரர் மகனும் அருகருகே அமர்ந்து உண்டனர். எவனிடம் எவ்வளவு இருக்கிறது என்று பாராமல் ஏற்பட்ட சிநேகம் அது. பிற்காலத்தில் நமக்கு வாய்த்த உறவுகளில் எத்தனை அப்படிப்பட்டவை? சரக்குக் கொடுப்பவர், வாங்குபவர், சம்பளம் பெறுபவர், எல்லோருக்கும் நம்மிடம் ஒரு காரியம் இருக்கிறது.

டெங்கிலில் கடை வைத்திருக்கும் எனக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறேன். எங்கள் வகுப்புத் தோழர்கள் சில ஆண்டுகளுக்கு முன் புலனத்தில் ஒரு குழு அமைத்தார்கள். வெள்ளிதோறும் ஜும்ஆ வாழ்த்து, மகள் திருமணப் பத்திரிகை, புதிய காரின் படம் என்று அது அமோகமாக நடந்தது. பிறகு கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒன்றுகூடல் என்றும், தலைக்கு 300 ரிங்கிட் என்றும் அறிவிப்பு வந்தது. அன்றிரவே ஒருவர் சத்தமின்றிக் குழுவிலிருந்து விலகினார். விடுதியில் என் அறைத்தோழர் அவர். நான் கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய சாப்பாட்டுக் கடை நொடித்துவிட்டதாகக் காதில் விழுந்திருந்தது. பேசப் போனால் கடன் கேட்பாரோ என்ற பயம்தான் காரணம். வேறு சாக்குச் சொல்ல எனக்கு மனமில்லை.

14 மாதங்கள் கழித்து அவர் மௌத்தான செய்தி அதே குழுவில் வந்தது. ஏறத்தாழ 40 பேர் இன்னா லில்லாஹி எழுதினார்கள். நானும் எழுதினேன். அவர் இருந்தது கிள்ளானில். சரக்கு எடுக்க மாதம் இருமுறை நான் போகும் ஊர். சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்து வந்திருக்கிறார். அடக்கம் முடிந்ததும் அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தா உங்களைப் பத்தி ரொம்பச் சொல்லுவாங்க, மாமா, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்றான்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு நாட்டுப்புற அரபியைக் கண்டு, தாம் ஏறிச் செல்லும் கழுதையையும் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். இவர்களுக்குச் சொற்பம் கொடுத்தாலே போதுமே என்றனர் உடனிருந்தவர்கள். இவருடைய தந்தை என் தந்தை உமரின் நேசராக இருந்தார் என்று கூறி, தந்தை நேசித்தவர்களோடு உறவைப் பேணுவது மிக உயர்ந்த நன்மை என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்தச் செய்தியை ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டவன்தான் நான். அந்தப் பிள்ளை என்னைச் சாப்பிட அழைத்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. தந்தையின் தோழனுக்கு மகன் செலுத்த வேண்டியதை அவன் செலுத்திவிட்டான். தோழனுக்குத் தோழன் செலுத்த வேண்டியது அப்படியே நின்றுவிட்டது.

கடன் கேட்டால் என்ன செய்வது என்று வியாபாரிகள் கேட்பது வீண் கேள்வியன்று. கொடுத்துக் கெட்ட நட்புகளை நானும் கண்டிருக்கிறேன். அதற்கும் மார்க்கம் வழி காட்டாமல் இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்லுகிறது. 280-ஆம் வசனம் கஷ்டத்தில் இருப்பவனுக்குத் தவணை கொடுக்கச் சொல்லுகிறது. இயலாவிடில் இயலாது என்று சொல்லவும் தடையில்லை. கடனை மறுப்பது ஒன்று. ஆளையே மறுப்பது வேறொன்று. வள்ளுவரும் நட்பாராய்தல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, அடுத்ததாகப் பழைமை என்று 81-ஆம் அதிகாரத்தை வைத்தார். ஆராய்ச்சி புதிய நட்புக்கு. பழகியவன் உரிமையோடு எதையேனும் செய்துவிட்டால் அதை முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும் என்பதே அந்த அதிகாரத்தின் போக்கு.

நொடித்தவரும் ஒளிந்துகொள்ளலாகாது என்பார் சிலர். சரிதான். ஆனால் வெட்கம் அவருக்குக் கதவடைத்துவிடுகிறது. வசதியுள்ளவனுக்குத் தடையாக இருப்பது பயம் மட்டுமே. ஆகையால் முதலில் நடக்க வேண்டியவன் வசதியுள்ளவன் என்பது என் அபிப்பிராயம். ஒன்றுகூடலுக்கும் ஹோட்டல்தான் வேண்டுமா? ஒரு சஹனில் நால்வராக அமர்ந்து உண்ட கூட்டத்தாருக்கு ஒரு வீட்டுத் திண்ணை போதாதா?

குழுவிலிருந்து விலகியவர் இன்னும் இருவர் உண்டு. ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் கல்லாவில் இருப்பதாகக் கேள்வி. வரும் ஞாயிறு லுஹர் தொழுததும் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படலாமென்றிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.