புண்ணாற்றும் கை யாருக்குச் சொந்தம்?

அம்பு பாய்ந்தது. குருதி தொடையில் வழிந்து கணுக்கால் வரை ஓடிற்று. வீழ்ந்துவிடுவானோ தம்பி என்று நடுங்கினான் வேந்தன் அகமெம்னான். தேவர்களைத் துணைக்கழைத்துப் பழகிய நாவுடையவன்தான் அவன். ஆயினும் அந்த வேளையில் அவன் ஆளனுப்பியது பூசாரியிடம் அல்ல, மருத்துவனிடம்!

ஹோமர் பாடியதாகக் கூறப்படும் இலியட் காப்பியத்தின் நான்காம் பகுதியிலே வரும் காட்சி இது. டிராய் நகரின் பக்கம் நின்ற பாண்டரஸ் எய்த அம்பு, கிரேக்க வீரன் மெனலாசின் கச்சையைத் துளைத்தது. அழைக்கப்பட்டவன் மக்காவோன். அஸ்க்ளீப்பியசின் மகன், உடன்பிறந்தான் பொடலீரியசுடன் 30 கப்பல்களுக்குத் தலைமை ஏற்று வந்தவன். களத்திலே போர் புரிவான். பாசறையிலே புண் ஆற்றுவான். வந்தான், அம்பைப் பிடுங்கினான், கச்சையை அவிழ்த்தான், காயத்தைக் கண்டான், குருதியை உறிஞ்சி எடுத்தான், கைரோன் தன் தந்தைக்கு அளித்திருந்த மருந்தைத் தடவினான். மந்திரமில்லை, மணியோசையில்லை. பின்னர் மெனலாஸ் மீண்டும் களத்திலே நிற்கக் காண்கிறோம்.

அம்பின் போக்கைத் திருப்பி உயிர் காத்தவள் அத்தீனா தேவி என்றும் அதே காப்பியம் கூறுகிறது. கூறட்டும்! அம்பைத் திருப்பத் தெரிந்த தேவி, புண்ணை ஆற்ற ஏன் வரவில்லை? அதற்கு மனிதனின் கையன்றோ தேவைப்பட்டது!

ஆனால், அதே காப்பியத்தின் முதற் பகுதியைப் புரட்டுங்கள். பாசறையிலே கொள்ளை நோய். முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும், பின்னர் மனிதரும் மடிகின்றனர். ஒன்பது நாள் ஓயாத சாவு. பத்தாம் நாள் அவை கூடுகிறது. அங்கே மக்காவோன் பெயர் ஒலிக்கவில்லை. காரணம் கூற எழுபவன் குறிசொல்லும் கால்க்கஸ். அப்போலோவின் கோபமாம்! அவன் பூசாரியின் மகளைத் திருப்பியனுப்பிப் பலியிட வேண்டுமாம்!

ஏன் இந்த வேறுபாடு? அம்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே மருத்துவனை அழைத்தார்கள். நோயின் காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே குறிசொல்பவன் நுழைந்தான். காரணம் மறைந்திருக்கும் இடமே கடவுள் குடியேறும் இடம்.

இதைக் கிரேக்க மண்ணிலேயே கண்டு சொன்னவர்கள் உண்டு. ஹிப்பாக்கிரட்டிஸ் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று, அக்காலத்தார் ‘புனித நோய்’ என்றழைத்த வலிப்பைப் பற்றியது. மற்ற நோய்களைப் போலவே இதற்கும் இயற்கையான காரணம் உண்டு. தம் அறியாமையை மறைக்கவே சிலர் தெய்வத்தின்மேல் பழி போடுகின்றனர் என்று அந்நூல் வாதிட்டது. அந்த வழியில் நடந்த அறிவுதான், 1894-இல் ஹாங்காங்கிலே பிளேக் கிருமியை எர்சின் கண்டறியும் நிலைக்கு வளர்ந்தது.

மற்றொரு வழியில் நடந்தவர் என்ன செய்தனர்? இலியட்டிலே குற்றமற்ற மருத்துவனாகக் குறிக்கப்படும் அஸ்க்ளீப்பியசைக் கடவுளாக்கினர். எப்பிடாரசில் கோயில் எழுந்தது. நோயாளிகள் அங்கே உறங்கிக் கனவுக்குக் காத்திருந்தனர். மகனையும் விடவில்லை. மக்காவோனின் கல்லறை கெரேனியாவில் பிணி தீர்க்கும் தலமாயிற்று என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பௌசானியஸ் எழுதுகிறார். உழைத்த கையை மறந்தனர், எலும்பை வணங்கினர்!

கோயில் ஒரு விலங்கு. மற்றொரு விலங்கும் உண்டு, அதுதான் பாசறை.

பதினோராம் பகுதியிலே பாரிஸ் எய்த அம்பு மக்காவோனின் வலத் தோளிலே பாய்கிறது. கிரேக்கர் கலங்குகின்றனர். பல வீரருக்கு ஈடாக அவனை மதிப்பிட்டு, தேரேற்றிக் காக்குமாறு நெஸ்டரை ஏவுகிறான் ஐடொமீனியஸ். புகழ்ச்சிதான்! ஆனால் எதற்காகப் புகழ்ச்சி? வீழ்ந்தவனை மீண்டும் போருக்கு அனுப்புகிறான் என்பதற்காக. டிராய் வீரன் எவனுக்கும் அவன் மருந்திட்டதாக இலியட்டில் ஒரு காட்சியும் இல்லை. அவன் மருந்து கடவுளைக் கேட்கவில்லை, கட்சியைக் கேட்டது.

“பகைவனுக்கு மருந்திடுவது பேதைமையல்லவா?” என்பர் சிலர். 1859-இல் சால்ஃபெரினோ போர்க்களத்தருகே ஆயிரமாயிரவர் காயமுற்றுக் கிடந்ததைக் கண்ட ஹென்றி டூனான், ஊர்மக்களுடன் சேர்ந்து நாடு பாராமல் உதவினார். அந்த உள்ளத்தின் விளைவாக 1864-இல் 12 அரசுகள் ஜெனீவாவிலே ஒப்பமிட்டன: காயமுற்ற வீரன் எந்நாட்டவனாயினும் மருத்துவம் பெறுக! பேதைமை சட்டமாயிற்று. அச்சட்டம் மீறப்படுகிறதே என்பீர்கள். உண்மை. மருத்துவமனைகள் தாக்கப்படுவதைக் கண்டித்து 2016-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஆனால் மீறுபவனைக் குற்றவாளி என்றழைக்க நமக்கொரு அளவுகோல் இருக்கிறது. அகமெம்னான் பாசறையில் அது இல்லை.

பகுத்தறிவு என்பது பூசாரியை விலக்குவதோடு முடிந்துவிடுவதன்று. தெய்வ நம்பிக்கையைத் துறந்த அறிவும் கொலைக்களத்திற்குக் கைகட்டிச் சேவகம் புரியக்கூடும். ஆகவே இளைஞர்களே, இரு வினாக்களை இணைத்தே கேட்போம். ‘காரணம் என்ன?’ இது முதல் வினா. ‘யாருக்காக?’ இது அடுத்த வினா. முன்னதைக் கேளாதவன் பூசாரிக்கு அடிமை. பின்னதைக் கேளாதவன் படைத்தலைவனுக்கு அடிமை. இரண்டையும் கேட்பவன் கையில்தான் மருந்து மனிதனுக்குச் சொந்தமாகிறது.