யாருடைய போன் முதலில்?

பழைய லயத்துக் காம்பராவில் பிளக் ஒன்றுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் புகை படிந்த குசினி. வட்டகொடையில் என் அக்கா இருந்த காம்பராவில் அந்த ஒற்றைப் பிளக்கும் உருண்டை ஓட்டைக்காரன். இப்போது கடையில் வாங்கும் சார்ஜரெல்லாம் சதுர முள். நடுவில் ஓர் அடாப்டர். அது ஆடிக் கழன்று விழாமல் சுவரில் ஆணி அடித்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார் அத்தான். வீட்டில் போன்கள் நான்கு. பின்னேரம் ஆறு மணிக்குமேல் அந்தக் கயிற்றுக்குக் கீழேதான் எல்லாச் சண்டையும்.

சண்டை கரண்டுக்காக இல்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 5,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருக்கும் போன் பெட்டரி சுமார் 19 வாட் மணி பிடிக்கும். சார்ஜரில் சூடாகி வீணாவதையும் சேர்த்து 25 என்று வைத்தாலும், ஒரு யூனிட்டில் 40 தடவை ஏற்றலாம். ஒரு லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கரண்ட் கேத்தலில் கொதிக்க வைக்க ஏறத்தாழ 100 வாட் மணி வேண்டும். ஒரு வேளைத் தேத்தண்ணிக்குப் போகிற கரண்டில் வீட்டிலுள்ள நான்கு போனும் நிறைந்துவிடும். லைட் பில் ஏறுகிறது என்று போனைத் திட்டுகிறவர்கள் கேத்தலை ஒன்றும் சொல்வதில்லை. இல்லாதது ஓட்டையும் முறையும்தான்.

தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை இருக்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கியது, 150 மெகாவாட். ரயிலில் வருகிறவர்கள் ஜன்னல் வழியே அதையும் சென் கிளேயர் நீர்வீழ்ச்சியையும் படமெடுத்துக்கொண்டே வட்டகொடை வந்து சேர்வார்கள். கரண்ட் பிறக்கிற ஊரிலேயே பிளக்குக்குச் சண்டையா என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அணை நிறைந்து வழிந்தாலும் காம்பராவில் பிளக் ஒன்றுதானே.

அக்காவின் மகன் போனில் அடிக்கடி பார்ப்பது வெள்ளைக்காரர்கள் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் குட்டி வீட்டு வண்டிகளை. கூரையில் சோலார், கட்டிலுக்கடியில் 12 வோல்ட் பெட்டரி, அதில் எத்தனை வாட் மணி மிச்சம் என்று காட்டும் சிறு திரை. "பாருங்க மாமா, நம்ம காம்பரா சைஸ்தான்" என்பான். அதைப் பார்த்தே அவன் போன் சார்ஜ் இறங்கிவிடும். நானும் அதைச் சிரித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஏனென்றால் அந்த வித்தை எங்களுக்குப் புதிதில்லை. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, கரண்ட் எட்டாத லயங்களுக்கு டிவி வந்தது கார் பெட்டரியோடுதான். கறுப்பு வெள்ளைப் பெட்டி, பின்னால் சிவப்பும் கறுப்புமாய் இரண்டு கிளிப். பெட்டரி இறங்கினால் படம் நாலு பக்கமும் கறுத்து நடுவுக்குச் சுருங்கும். மறுநாள் அதை உரச்சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு டவுனுக்கு. கடைக்காரர் வெள்ளைப் பெயின்டில் தோட்டத்துப் பெயர் எழுதி வரிசையில் வைப்பார். அசிட் சொட்டிச் சாக்கிலும் சட்டையிலும் ஓட்டை விழும். 60 அம்பியர் மணி பெட்டரியில் 720 வாட் மணி. ஈயப் பெட்டரியை முழுதாக இறக்கினால் கெட்டுப்போகும் என்பதால் பாதிதான் கணக்கு. 18 வாட் டிவிக்கு அது இருபது மணி நேரம்: ஞாயிற்றுக்கிழமைப் படமும் கிரிக்கெட் மேட்சும் போனால் தீர்ந்தது.

அந்தக் காலத்தில் லயமே ஒரு டிவி முன்னால் கூடி உட்கார்ந்தது, இப்போது ஆளுக்கொரு போன், உறவு போயிற்று என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பெருமூச்சு வருவதில்லை. கூடி உட்கார்ந்தது யார்? படத்தின் முதல் பாதி ஓடும்போது பெண்கள் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். கிளிப்பை மாட்டுவதும் கழற்றுவதும் ஆம்பிளைகள் கையில். செய்தியா, பாட்டா, எப்போது "போதும், பெட்டரி இறங்குது" என்பது, எல்லாம் அவர்கள் சொன்னதுதான். மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்துவிட்டு வந்தவளுக்கு அந்த 360 வாட் மணியில் பங்கு கேட்க வாய் இருக்கவில்லை.

போன் வந்த பிறகு அக்காவின் காம்பராவில் முதல் முறை அக்காவுக்குத்தான். மூத்த மகள் குவைத்தில் வீட்டு வேலை. அங்கே இரவு பத்து மணிக்குக் கை ஒழிந்தால் இங்கே பன்னிரண்டரை. இமோவில் முகம் பார்த்துப் பேச அந்த நேரம்வரை அக்காவின் போன் உயிரோடு இருக்க வேண்டும். அத்தானின் போன் பத்து வீதத்தில் நின்றாலும் அதைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டுவாள். அவரும் ஒன்றும் சொன்னதில்லை. பணம் அனுப்புகிற மகளின் குரல் அந்த வழியாகத்தான் வருகிறது என்று அவருக்கும் தெரியும். பாசமா, காசா என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அந்த வீட்டில் யார் கணக்கில் இருக்கிறார்கள் என்று கேட்டால், பிளக்கில் எந்தப் போன் தொங்குகிறது என்று பார்த்தால் போதும்.

2022இல் டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் இல்லை. மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. அப்போது முறை இன்னும் கடுமையானது: கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் ஓ லெவல் படிக்கிற இளையவளின் போனும் அக்காவின் போனும் மட்டும். பவர் பேங்க் வாங்கினார்கள். 20,000 என்று போட்டிருந்தது, மூன்று தடவைக்குமேல் ஏற்றவில்லை. கடைக்காரன் ஏமாற்றவில்லை. அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு; அதை 5 வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கும்போதே ஒரு பங்கு போய்விடும். தகரத்தின்மேல் சிறு சோலார் தகடு வைக்கலாம் என்றான் மகன். ஆனி, ஆடியில் வட்டகொடை வானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த யோசனையின் ஆயுள் தெரியும்.

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் அக்காவுக்கும் கிடைத்தது. அறைக்கு அறை பிளக். இனிச் சண்டை இல்லை என்று நினைத்தேன். குடிபோன கிழமையே அவள் சொந்தச் செலவில் வயரிங் பாஸைக் கூட்டிவந்து, குசினியில் அடுப்புக்கு எதிரே, கண் மட்டத்தில் ஒரு பிளக்கும் அதற்குக் கீழே போன் வைக்க ஒரு பலகையும் போடச் சொன்னாள்.

"இவ்வளவு உயரத்தில ரைஸ் குக்கர எப்படி வைக்கிறது அக்கா?" என்றார் பாஸ்.

"குக்கருக்கு எங்கயாவது கீழ ஒன்னு போடுங்க."