சொல்லத் தெரியாத பிள்ளைக்குச் சாட்சி யார்?

பெற்ற பிள்ளையைப் பராமரிப்பு இல்லத்தில் விடுவது பாவமா? வெளியில் நிற்பவர் இக்கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடுவார். வீட்டுக்குள் இருப்பவருக்கு அது அத்தனை இலகுவன்று.

ஓட்டிசம் தொற்றிக்கொள்ளும் நோயன்று. பெற்றோரின் வளர்ப்புக் குறையாலும் வருவதன்று. மூளை வளர்ச்சியிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு அது. அவ்வாறு பிறந்தோரில் பட்டம் பெற்று உத்தியோகம் பார்ப்போரும் உளர். சிலருக்கோ பேச்சின்மை, வலிப்பு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்பனவும் சேர்ந்துவிடுகின்றன. ஐந்து வயதில் அணைத்து அடக்கிய பிள்ளை பதினேழு வயதில் தகப்பனிலும் உயர்ந்து நிற்கிறான். இரவில் உறக்கமில்லை. சத்தம் பொறுக்காமல் தலையைச் சுவரில் மோதுகிறான். தாய்க்கு அறுபது வயது நெருங்குகிறது. "எனக்குப் பிறகு இவனை ஆர் பார்ப்பினம்?" என்று அவள் கேட்பது வீண் புலம்பலன்று. முன்வினை என்று சொல்லிக் கடந்து போகிறவர் அந்த வீட்டில் ஓர் இரவு தங்கிப் பார்க்கட்டும்.

ஆகவே இல்லங்கள் வேண்டும். இல்லத்தில் விடுவது கைவிடுவதாகாது. அப்படியானால் கைவிடுதல் எங்கே தொடங்குகிறது?

இங்கிலாந்தின் டொன்காஸ்டர் பகுதியில் நடந்தது இதற்கு ஒரு கொடிய விடை. அங்கே தனியார் நிறுவனமொன்று நடத்திய மூன்று இல்லங்களில் 2018 ஜனவரி தொடக்கம் 2021 மார்ச் வரை 108 பிள்ளைகளும் இளைஞர்களும் தங்கியிருந்தனர். பலர் ஓட்டிசம் உடையவர்கள். பலரால் வாய்திறந்து முறையிட இயலாது. அவர்களை அனுப்பியவை 55 உள்ளூராட்சி மன்றங்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டொன்றுக்குச் செலவு சராசரியாக ஏறத்தாழ 250,000 பவுண். இத்தனை பணம் கொட்டிய இடத்தில் பிள்ளைகள் அடிக்கப்பட்டனர். காயத்தில் வினாகிரி ஊற்றப்பட்டது. குளிரில் உடையின்றி வெளியே பூட்டப்பட்டனர். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கைகள் இவற்றை உலகறியச் செய்தன.

இதில் மனத்தை அதிகம் உறுத்துவது மற்றொன்று. அக்காலத்தில் அரசாங்கப் பரிசோதகர்கள் அவ்வில்லங்களுக்கு 'நன்று' எனத் தரமிட்டிருந்தனர். பதிவேட்டில் கையொப்பம் சரியாக இருப்பதும் பிள்ளை சுகமாக இருப்பதும் ஒன்றல்ல. கந்தோரில் ஆயுள் கழித்த எவருக்கும் இது தெரியும். பிள்ளை அலறியபோதும், உண்ண மறுத்தபோதும், அது அவனுடைய குறைபாட்டின் இயல்பு என்றே எழுதப்பட்டது. வேதனையைச் சொல்ல அவனிடம் இருந்த ஒரே மொழி அதுதான். அதையும் நோய்க்குறியாக்கிவிட்டார்கள்.

இன்னுமொன்று, தூரம். அப்பிள்ளைகள் வீட்டிலிருந்து சராசரியாக 95 மைல் தொலைவில் வைக்கப்பட்டிருந்தனர். நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட எந்தத் தாயால் முடியும்?

வேறு வழியும் இருந்திருக்கிறது. நாஸிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்த குழந்தை வைத்தியர் கார்ல் கோனிக், 1940இல் ஸ்கொட்லாந்தின் அபெர்டீன் நகருக்கு அண்மையில் காம்ப்ஹில் என்னும் இல்லத்தைத் தொடங்கினார். பராமரிப்போரும் பராமரிக்கப்படுவோரும் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே மேசையில் உண்டு, ஒன்றாகத் தோட்டம் செய்வது அங்கு வழக்கமாயிற்று. அகதியாக வந்த மனிதருக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளையின் நிலை விளங்கியதில் வியப்பில்லை.

அதற்காக, சம்பளத்துக்குப் பணிசெய்வோர் எல்லாரும் இரக்கமற்றோர் என்பது அநியாயம். இராமுழுதும் விழித்திருந்து, கடிபட்டும் முகம் சுளிக்காமல் உடுப்பு மாற்றிவிடும் பெண்ணுக்குக் கிடைக்கும் ஊதியம் சொற்பம். அப்படிப்பட்டவருக்குப் போதிய பயிற்சியும் ஓய்வும் கொடாமல், தனியே நெடுநேரம் விட்டுவைப்பவர்களுக்கும் குற்றத்தில் பங்குண்டு. சக ஊழியர் கைநீட்டியதைக் கண்டும் வேலை போய்விடும் என்று வாய்மூடியவருக்கும் பங்குண்டு. அவரிடம் சொல்வதற்கு வாய் இருந்தது.

பணம் கட்டியாயிற்று, பத்திரம் ஒப்பமிட்டாயிற்று, இனி அவர்கள் பொறுப்பு என்று உறவுகள் ஆறுதலடையும் நாளிலேதான் கைவிடுதல் தொடங்குகிறது. புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கிடையிலும் இத்தகைய பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் உண்டு. விசேட வீடுகளிலும் சடங்குகளிலும் மூத்தவனின் படிப்பை விசாரிப்போர், இல்லத்திலிருக்கும் இளையவனின் பெயரை எடுப்பதில்லை. தாயின் மனம் நோகும் என்று எண்ணுகிறார்கள் போலும். நோவது பெயரை எடுக்காதபோதுதான்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் போய் நிற்கும் தகப்பன், பரிசோதகர் பார்க்காததைப் பார்க்கிறான். மகன் எதுவும் சொல்லமாட்டான். தகப்பன் பக்கத்தில் இருந்து, கொண்டுபோன வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்து, அவன் தின்னும்போது சட்டைக் கையை மெல்ல மேலே மடித்துப் பார்க்கிறான்.