காத்தலும் காட்டலும்

பழையதைக் காப்பது நற்செயல் என்பதை மறுப்போர் அரியர். ஆனால் காக்கப்படும் பொருள் பெண்ணுடலை ஆண்களின் பார்வைக்கென்றே படமாக்கி விற்ற பத்திரிகையாக இருக்குமானால், அந்த ஒப்புதல் உடனே தயங்கத் தொடங்குகிறது. ‘பின்-அப்’ என்னும் ஆங்கிலச் சொல், இதழிலிருந்து பிரித்தெடுத்துச் சுவரில் குத்தி வைப்பதற்கான படம் என்னும் பொருளுடையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைவீரர்களின் கூடாரங்களிலும் பெட்டி மூடிகளின் உட்புறத்திலும் இடம்பெற்ற அவ்வகைப் படங்கள், 1953 டிசம்பரில் ‘பிளேபாய்’ தொடங்கிய பிறகு, இதழின் நடுவே மடித்து வைக்கப்பட்ட பெரிய பக்கமாக மெல்ல நிலைபெற்றன. பம்பாயிலிருந்து 1970களில் வெளிவந்த ‘டெபோனேர்’ அந்த அமைப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1974-இல் வினோத் மேத்தா அதன் ஆசிரியரான பின், நடுப்பக்கப் படத்துக்கு முன்னும் பின்னும் கவிதைகளும் அரசியல் நேர்காணல்களும் அச்சாயின. இத்தகைய இதழ்களைத் தேடிச் சேர்ப்பதும், தாள் நொறுங்குமுன் அவற்றை மின்படியாக்கி வைப்பதும் இன்று பல நாடுகளில் நடைபெறும் செயல்களாகும். அச்செயல் அறத்தின் பாற்படுமா, பற்றின் பாற்படுமா, அல்லது படத்திலிருப்பவருக்கு இழைக்கப்பட்ட ஒன்றின் நீட்சியாகுமா என்பது ஆராயத்தக்க வினா.

இவ்வினாவைத் தமிழ்நாட்டில் எழுப்புவதற்குத் திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர் பொருத்தமான இடம். ‘பாசு’ என்பது மூங்கிலைக் குறிக்கும். மூங்கில் காட்டில் இறைவன் இலிங்க வடிவாய் மறைந்திருந்தான் என்றும், புதரை வெட்டியபோது ‘வாசி’ என்னும் கருவி பட்டு அத்திருமேனியில் தழும்பு ஏற்பட்டது என்றும், அதனாலேயே வாசீஸ்வரர் என்னும் பெயர் அமைந்தது என்றும் தலபுராணம் கூறுகிறது. தச்சர்கள் வாய்ச்சி என்று வழங்கும் கருவியின் பெயரோடு இச்சொல் நெருங்கி நிற்கிறது. சம்பந்தரும் அப்பரும் பாடிய இத்தலத்தில் அம்மனுக்குத் தங்காதலி என்று பெயர். தவம் செய்த உமையை இறைவன் தன் காதலி என்று அழைத்ததால் வந்த பெயர் என்பர். ஆக, காயம் இங்கே மறைக்கப்படாமல் கடவுளின் பெயராகியிருக்கிறது. காதலும் கருவறைக்கு வெளியே நிறுத்தப்படவில்லை. காமத்தைப் பேசியதற்காகவே ஒரு பொருளை அழிக்கத்தக்கது என்று கருதுவோர், தங்கள் கருத்துக்கு இந்த மண்ணின் சமயத்திலிருந்து சான்று தேடினால் எளிதில் கிடைக்காது.

ஆயினும் சுவரில் மாட்டப்படும் படங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளில் உள்ள பட்டறை எதிலும் நுழைவோர் முதலில் காண்பது பெரும்பாலும் முருகனோ லட்சுமியோ அமர்ந்திருக்கும் நாட்காட்டியாகும். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு வழி வந்த ஓவியர்கள் அத்தகைய நாட்காட்டிப் படங்களுக்கு வடிவம் கொடுத்தவர்கள். தெய்வப் படமும் நடுப்பக்கப் படமும் ஒரே வகை அச்சு எந்திரத்தில், ஒரே நான்கு வண்ணப் புள்ளிகளால் உருவாகின்றன. இரண்டும் ஆணியில்தான் தொங்குகின்றன. வேறுபாடு பார்வையின் திசையில் உள்ளது. ‘தரிசனம்’ என்பது இருவழிக் காட்சி: அடியார் தெய்வத்தைக் காண்கிறார், தெய்வமும் அடியாரைக் காண்கிறது என்னும் நம்பிக்கை அச்சொல்லுக்குள் இருக்கிறது; சிற்பி இறுதியாகக் கண் திறக்கும் சடங்கு அதற்கென்றே அமைந்தது. நடுப்பக்கத்துப் பெண்ணும் பார்ப்பவரையே பார்ப்பதுபோல் தோன்றினாலும், அவர் உண்மையில் பார்த்தது ஒரு படக்கருவியின் கண்ணாடி வில்லையை மட்டுமே; பின்னாளில் தம்மைப் பார்க்கப்போகிறவர் யார், எத்தனை பேர், எத்தனை ஆண்டுகள் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

இந்தியச் சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவும், ஆபாசமான நூல், படம் ஆகியவற்றை விற்பதையும் பரப்புவதையும் அந்நோக்கத்துடன் வைத்திருப்பதையும் குற்றமாக்குகின்றன. ஆனால் பழங்கால நினைவுச் சின்னங்களில் உள்ள உருவங்களுக்கும், கோயிலில் உள்ளவற்றுக்கும், தெய்வத் திருவுருவை ஏற்றிச் செல்லும் தேரில் செதுக்கப்பட்டவற்றுக்கும் வெளிப்படையாக விலக்கு அளிக்கின்றன. சட்டம் எழுதியோர் தென்னாட்டுத் தேர் ஒன்றின் அடித்தட்டைச் சுற்றிவந்து பார்த்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் நலனுக்காக வெளியிடப்படுவதற்கும் விலக்கு உண்டு. இவ்விதிகளில் இன்னொரு நுட்பமும் அடங்கியிருக்கிறது: பரப்பும் நோக்கமின்றி ஒருவர் ஒரு பழைய இதழைத் தம் அலமாரியில் வைத்திருப்பதைச் சட்டம் கேட்பதில்லை. வைத்திருத்தல் வேறு, காட்டுதல் வேறு என்னும் இந்தப் பிரிப்பே மின்படியாக்கம் பற்றிய சிந்தனைக்கு அடித்தளமாகிறது.

சேகரிப்போரின் பக்கம் உள்ள நியாயம் வலுவானது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நில்லாமல், நாடக நோட்டீசு, அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் எனப் பிறர் குப்பையென ஒதுக்கிய தாள்களையும் சேர்த்தார்; 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியதால் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இயங்கிவருகிறது. குஜிலிக் கடைகளில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயரிட்டு ஆராய முடிந்ததற்கும் இத்தகைய சேகரிப்புகளே காரணம். உயர்ந்தது, தாழ்ந்தது என்று காலத்துக்குக் காலம் மாறும் தீர்ப்பை நம்பி எரித்திருந்தால், ஒரு நூற்றாண்டின் ஆசையும் அச்சமும் சிரிப்பும் எப்படி இருந்தன என்பது தெரியாமல் போயிருக்கும். 1940களில் தமிழ்த் திரையுலகை அலைக்கழித்த ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ ஆகிய மஞ்சள் பத்திரிகைகளின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் குத்திக் கொல்லப்பட்டதும், அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறைப்பட்டு 1947-இல் விடுதலையானதும் அனைவரும் அறிந்தவை. கொலைக்குக் காரணமாகப் பேசப்பட்ட அந்த இதழ்கள் எப்படி எழுதின என்பதை அறிய, வழக்கு பற்றிய கதைகளைவிட இதழ்களின் படிகளே வேண்டும். 1985-இல் சென்னை மூர் மார்க்கெட் தீக்கிரையானபோது பழைய புத்தகக் கடைகளோடு என்னென்ன போயின என்பதைக் கணக்கெடுக்கவும் எவராலும் முடியாது. தீப்பற்றாத இடத்திலும் அழிவு நடந்துகொண்டே இருக்கிறது: மலிவுத் தாளின் மரக்கூழில் தங்கிவிட்ட லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டுச் சிதைய, தாள் பழுத்து, மடிப்பில் ஒடிந்து, கம்பி முள் துருவேறிய இடத்தில் கிழிந்துவிடுகிறது.

சமயப் பற்று தடையாக நின்ற இடத்திலும் காப்பவர் கடந்து சென்றதற்குத் தமிழில் முன்னோடி உண்டு. சைவராகிய உ. வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்த சீவக சிந்தாமணி ஒரு சமணத் துறவியின் காப்பியம். அதே நேரத்தில், மணநூல் என்று பெயர்பெறும் அளவுக்கு இன்பச் சுவை நிறைந்தது. துறவி எழுதிய காமத்தை வேற்றுச் சமயத்தார் காத்துக் கொடுத்த இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இதனினும் கடினமான சோதனை பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு நேர்ந்தது. தஞ்சை மராட்டியர் அவையைச் சேர்ந்த முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்த்வனம்’ என்னும் நூலை 1910-இல் அவர் முழுமையாகப் பதிப்பித்தார். நூல் ஆபாசம் எனத் தடை செய்யப்பட்டது. பின்னர் டி. பிரகாசம் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோதே தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராசரின் சமாதியைப் பேணியவரும் இந்த நாகரத்தினம்மாளே என்பதால், பக்தியும் இன்பநூல் பதிப்பும் ஒரே உள்ளத்தில் முரணின்றி இருந்தன என்பது உறுதியாகிறது.

ஆனால் இந்த முன்னோடிகளை நடுப்பக்கப் படங்களுக்கு அப்படியே பொருத்துவதில் ஒரு பிழை உண்டு. சேகரிப்பாளர்களுக்காக வாதிடுவோர் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. முத்துப்பழனி தம் நூலில் பேசுகிறவர். நடுப்பக்கத்தில் இருப்பவர் பேசப்படுகிறவர். மர்லின் மன்றோ 1949-இல் ஒரு நாட்காட்டிப் படத்துக்காக 50 டாலர் பெற்றார். அப்படத்தை வாங்கித் தம் முதல் இதழில் அச்சிட்ட ‘பிளேபாய்’ நிறுவனர் பெருஞ்செல்வர் ஆனார். படத்திலிருந்தவருக்கு மேற்கொண்டு எதுவும் கிடைக்கவில்லை. பின்-அப் படங்களால் பெயர்பெற்ற பெட்டி பேஜ் 1950களின் இறுதியில் அத்தொழிலை விட்டுக் கிறித்தவப் பணிக்குத் திரும்பிய பின்னும் அவருடைய படங்கள் அவரின்றியே உலகைச் சுற்றிக்கொண்டிருந்தன. வாழ்க்கையை மாற்றிக்கொண்ட ஒருவரை அவருடைய பழைய படம் விடாமல் பின்தொடர்வதை எந்த அறநூலைக் கொண்டு நியாயப்படுத்துவது?

சைவ சித்தாந்தம் உயிரைப் பசு என்றும், அதைக் கட்டும் தளையைப் பாசம் என்றும், கட்டு நீக்கும் இறைவனைப் பதி என்றும் கூறும். சேகரிப்பவரின் பற்று பாசத்தின் ஒரு வகை என்பதை எளிதாக ஒப்புக்கொள்ளலாம்; எண் வரிசையில் விடுபட்ட ஓர் இதழுக்காக ஊர் ஊராக அலைபவர், அதிலுள்ள படத்தைவிட வரிசை நிறைவதிலேயே கட்டுண்டவர் என்பது எல்லாச் சேகரிப்புகளுக்கும் பொது. அது அவருடைய வினை, அவரே தீர்த்துக்கொள்வார். படத்திலிருப்பவர் மீது விழும் கட்டு வேறு வகையானது. அதைத் தீர்க்கும் வழி அவர் கையில் இல்லை. பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகம் 19-ஆம் நூற்றாண்டில் தன் ஆபாச நூல்களைத் தனியே பூட்டி வைத்த பகுதிக்கு ‘நரகம்’ என்று பெயரிட்டது. வாசகரைக் காப்பதற்காக வைத்த பெயர் அது. உள்ளே அடைபட்டிருந்த படங்களின் மாந்தரைப் பற்றி அந்தப் பூட்டு நினைத்ததில்லை. இருந்தாலும், தற்செயலாக, அவர்களுக்கும் அது சிறிது மறைவு அளித்தது.

மின்படியாக்கம் நீக்கியது அந்த மறைவையே. தாள் இதழில் காத்தல் ஒரு செயல், காட்டல் இன்னொரு செயல். கோப்பாக மாறியதும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. இதற்குச் சான்றாக, படங்களைக் கணினியில் சுருக்கிச் சேமிக்கும் கலையே ஒரு நடுப்பக்கப் படத்தின் மீது வளர்ந்தது. 1973-இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் சாச்சுக் குழுவினர், சோதனைக்கு மனித முகம் ஒன்று தேவைப்பட்டபோது, 1972 நவம்பர் ‘பிளேபாய்’ இதழின் நடுப்பக்கத்தை எடுத்து, தோளுக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் 512 வரிகளாக வருடிக் கணினியில் ஏற்றினர். ‘லேனா’ என்று பெயர்பெற்ற அப்படம், படச்செயலாக்க ஆய்வுகளில் பொதுச் சோதனைப் படமாக அரை நூற்றாண்டு நிலைத்தது. படத்திலிருந்த சுவீடன் நாட்டு லேனா ஃபோர்சேன், தாம் அத்தொழிலிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றவர் என்றும், தொழில்நுட்பத்திலிருந்தும் ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டது என்றும் 2019-இல் ஓர் ஆவணப்படத்தில் தெரிவித்தார். அப்படத்தைக் கொண்ட கட்டுரைகளை ஏற்பதில்லை என்னும் முடிவை 2024 ஏப்ரல் 1 முதல் ஐ.இ.இ.இ. கணினிச் சங்கம் நடைமுறைப்படுத்தியது. ஒருவருக்கு ஓய்வு கொடுக்க ஐந்தாண்டு ஆயிற்று. இதுவும் வழக்கத்தைவிட விரைவு என்றே கொள்ள வேண்டும்.

திருப்பாச்சூர் அமைந்த அதே மாவட்டத்தில், சற்று மேற்கே, காரைக்கால் அம்மையாரின் தலமான திருவாலங்காடு உள்ளது. தன் மனைவி புனிதவதியாரின் கையில் மாங்கனி வந்த அற்புதத்தைக் கண்டு அஞ்சி விலகிய பரமதத்தன், பாண்டி நாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்கு அவள் பெயரையே இட்டு, பின் முதல் மனைவியின் காலில் விழுந்தான் என்று பெரிய புராணம் சொல்லும். கணவனுக்காகத் தாங்கிய உடலழகு இனி வேண்டாம் எனப் புனிதவதியார் இறைவனிடம் கேட்டுப் பேயுரு பெற்றார். காரைக்கால் அம்மையாராகத் தலையால் நடந்து, திருவாலங்காட்டில் ஆடும் பெருமானின் திருவடிக்கீழ் இடம் பெற்றார். எலும்பு துருத்திய உடலும் கையில் தாளமுமாக அவரைக் காட்டும் செப்புத் திருமேனிகள் நூற்றாண்டுகளாகக் காக்கப்படுகின்றன. பார்க்கப்படுபவராக இருந்தவர் பார்ப்பவராக மாறிய உருவம் அது. எந்த வடிவில் தாம் காணப்பட வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார், மரபும் அம்முடிவை மதித்தது. அவர் விட்டொழித்த அழகைக் கற்பனை செய்து மீட்டுக்கொடுக்க எந்தச் சிற்பியும் முனைந்ததாகத் தெரியவில்லை. அவர் தலையால் நடந்த மண்ணை மிதிக்கச் சம்பந்தரே தயங்கினார் என்பது அப்புராணத்தின் செய்தி.

இதிலிருந்து கிடைக்கும் அளவுகோல் தெளிவானது. இதழ்கள் முழுமையாக, ஒரு பக்கமும் வெட்டப்படாமல், விளம்பரமும் விலையும் ஆசிரியர் கடிதமும் உட்படக் காக்கப்பட வேண்டும். நடுப்பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கவிதையை மட்டும் காப்பது, வாசியின் தழும்பைப் பூசி மறைப்பதற்கு ஒப்பாகும். ஆனால் காத்ததனாலேயே காட்டும் உரிமை வந்துவிடுவதில்லை. மூலப்படி நூலகத்தில் இருக்க, ஆய்வாளர் காரணம் சொல்லி வந்து பார்க்க, படத்திலிருப்பவர் உயிரோடிருந்து வேண்டாம் என்றால் அப்பக்கம் அவர் காலம் வரை மூடியிருக்க வேண்டும். இது ஆய்வை மெதுவாக்கும் என்பது உண்மையே. ஆய்வின் வேகம் ஒருவருடைய மறுப்பைவிட மேலானதன்று.

வீட்டுப் பரணில் இத்தகைய பழங்கட்டு ஒன்றைக் கண்டெடுப்போர், வெட்கப்பட்டுப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுமுன், ஓர் ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டு முடிக்கும் வரை, கைப்பேசியில் படமெடுத்து எவருக்கும் அனுப்பாமலும் இருக்க வேண்டும்.