மனை புதுக்குதலும் பொருள் வரைதலும்

பழைய ஓட்டு வீட்டை வாங்கிப் புதுக்கிக் குடியேற ஒரு குடும்பம் முனைகிறது. சுவரை இடிக்கையில் கறையான்கள் மடிகின்றன. தரையைப் பெயர்க்கையில் எறும்புக் கூட்டம் அழிகிறது. இல்லறத்தானை இவ்வினை சாருமா?

நம் அறநூலார் இம்சையை நான்காகப் பகுப்பர். கொல்லும் எண்ணத்துடன் செய்வதைச் சாவகன் முற்றும் துறத்தல் வேண்டும். சமைத்தல், மனை அமைத்தல் முதலியவற்றில் நேரும் 'ஆரம்ப இம்சை'யை அவனால் முழுதும் விலக்க இயலாது. ஆயினும், 'இயலாது' என்னும் சொல் ஒழுகும் கூரைக்குப் பொருந்துமேயன்றி, அண்டை வீட்டாரை விஞ்ச எழுப்பும் மாடிக்குப் பொருந்தாது.

ஓட்டின் இடுக்கில் சிட்டுக்குருவி முட்டையிட்டிருப்பதாகக் கொள்வோம். முட்டை பொரிய ஏறத்தாழ 12 நாள். குஞ்சு பறக்க மேலும் 15 நாள். ஒரு திங்களுக்குள் கூடு ஒழிந்துவிடும். அதுவரை கொத்தனாரையும் சித்தாளையும் வேறு அறையின் பணியில் அமர்த்தினால் அவர்தம் கூலியும் குறையாது. குடியேறுதல் தள்ளிப்போய், ஒரு மாத வாடகை கூடக்கூடும். ஜீவதயைக்கு அது பெருவிலையன்று.

வேலை தொடங்கியபின் ஆசைக்கு அணையிடுதல் அரிது. தரை மாறினால் கதவும் பழையதாகத் தோன்றும். கதவு மாறினால் கட்டிலும் அவ்வாறே. ஆதலின், முதற் செங்கல்லைப் பெயர்க்கும் முன்னரே முதியோரும் பிள்ளைகளும் உடனிருக்க, 'இவ்வளவே செய்வோம்; இவ்வளவே செலவிடுவோம்' என வரையறுத்துக்கொள்க. மிகுபொருள் விரும்பாமையைப் பிள்ளைகள் கண்ணாற் கண்டு கற்கும் இடம் அதுவேயாம்.